எதிர்வரிசையில் இருக்கும் 39 பேருக்கு

தமிழ்நாட்டின் மக்களவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2024 தேர்தலில் இந்த மாநிலம் கொடுத்த தீர்ப்பு கொஞ்சம் விநோதமானது. 39 தொகுதிகளையும் ஒரே அணிக்குக் கொடுத்தோம். 39 பேரும் டெல்லிக்குப் போய் எதிர்வரிசையில் உட்கார்ந்தீர்கள். அன்றிலிருந்து ஒரு கேள்வி ஊரெல்லாம் சுற்றுகிறது: "இத்தனை பேர் போய் என்ன கிழிச்சாங்க?" நாடாளுமன்ற கேண்டீனில் போண்டா சாப்பிடத்தான் போனார்கள் என்று கிண்டல் வேறு. இதற்கு உங்கள் தரப்பிலிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒரு வீடியோ துண்டு. பின்னணி இசை, பெரிய எழுத்தில் தலைப்பு, அமைச்சரைப் பார்த்து விரல் நீட்டும் காட்சி. அது வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் அடுத்தது வரும்.

கிண்டலும் எனக்கு ஒப்பவில்லை, அந்த வீடியோவும் திருப்தி தரவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் அவையில் செய்யக்கூடிய வேலை எது, அதில் எது நிற்கும் என்று பேசத்தான் இந்த மடல்.

நான் கும்பகோணத்து வாக்காளன். இப்போது எங்கள் ஊர் மயிலாடுதுறைத் தொகுதிக்குள் இருக்கிறது. முன்பு கும்பகோணம் என்றே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. அதன் உறுப்பினராக 1967இலும் 1971இலும் ஜெயித்தவர் இரா. செழியன். நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி, திருக்கண்ணபுரத்துக்காரர். அதற்கு முன் 1962இல் பெரம்பலூரிலிருந்து போனவர். பிறகு 1978 முதல் 1984 வரை மாநிலங்களவை. 2017இல் காலமானார். இன்றைக்குக் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நின்று அவர் பெயரைச் சொன்னால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தாலே அதிகம். அடுக்குமொழி பேசி மேடை கட்டிய தலைமுறையில் அவர் புள்ளிவிவரமும் விதிப் புத்தகமுமாக நின்றவர். அப்படிப்பட்டவர்களுக்கு நாம் சிலை வைப்பதில்லை.

1971 தேர்தலில் தி.மு.க. இந்திரா காந்தியோடு கூட்டணி வைத்துத்தான் ஜெயித்தது. ஆனால் மத்திய ஆட்சியில் பங்கில்லை. அந்தச் சூழலில்தான் செழியன் பொதுக் கணக்குக் குழுவின் தலைவரானார். 1971 முதல் 1973 வரை இருந்தார். அந்தக் குழுவுக்கு எதிர்வரிசையிலிருந்து ஒருவரைத் தலைவராக்கும் வழக்கம் 1967இல்தான் தொடங்கியிருந்தது. முதலில் மினூ மசானி, அடுத்து வாஜ்பாய், அவருக்கு அடுத்தவர் நம் ஊர் உறுப்பினர். அரசாங்கம் செலவு செய்த பிறகு தணிக்கை அறிக்கை வரும். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு துறைச் செயலாளர்களை உட்காரவைத்து, இந்தப் பணம் ஏன் இங்கே போனது, இந்தக் கொள்முதலுக்கு ஏன் டெண்டர் இல்லை என்று கேட்பது குழுவின் வேலை. அமைச்சர்கள் இந்தக் குழுவில் உறுப்பினராக முடியாது. கேமரா கிடையாது. கைதட்டலும் கிடையாது. தேர்தலில் கைகோத்த கட்சியின் அரசாங்கமாக இருந்தாலும் கணக்கு கணக்குதான் என்று உட்கார்ந்து படிக்கிற வேலை அது.

இந்த மனிதர் பின்னாளில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். அது உங்களுக்கு அவ்வளவு பிடிக்காது. 1993 டிசம்பரில் நரசிம்ம ராவ் அரசு தொகுதி மேம்பாட்டு நிதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் ஆண்டு ஒரு உறுப்பினருக்கு 5 லட்சம். அடுத்த ஆண்டே ஒரு கோடி, 1998இல் இரண்டு கோடி, 2011இல் ஐந்து கோடி. செழியன் இதை எதிர்த்தார். விமர்சித்துத் தனி நூலே எழுதினார். நான் புரிந்துகொண்ட வரையில் வாதம் எளிமையானது. அரசாங்கத்தின் செலவைக் கண்காணிக்கத்தான் நாடாளுமன்ற உறுப்பினரை அனுப்புகிறோம். அவரே செலவு செய்கிறவராக மாறிவிட்டால் அவரை யார் கண்காணிப்பது? கலெக்டரிடம் என் வேலையை முடித்துக்கொடுங்கள் என்று நிற்கிறவர், அதே நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கத்தானே செய்யும்? 2010இல் உச்ச நீதிமன்றம் இந்தத் திட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டப்படி சரி. ஆனால் செழியன் கேட்டது சட்டம் பற்றிய கேள்வி மட்டும் அல்லவே.

எங்கள் ஊர்ப்பக்கம் சாலையோரத்தில் ஒரு பயணிகள் நிழற்குடை இருக்கிறது. எங்கள் பக்கம் என்ன, உங்கள் எல்லாத் தொகுதியிலும் இருக்கும். மேலே நீல வண்ணத்தில் உறுப்பினர் பெயர் பெரிதாக, அதற்குக் கீழே நிதியாண்டு, அதற்கும் கீழே மதிப்பீட்டுத் தொகை. இருக்கையின் கிரானைட் பலகை ஒரு பக்கம் உடைந்திருக்கும். கூரை, பெயர்ப் பலகையைத் தாங்குகிற அளவுக்குத்தான் அகலம். மழை சாய்ந்து அடித்தால் உள்ளே நிற்பவரும் நனைவார். நிழற்குடை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஐந்து ஆண்டு முடிந்து நீங்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது நோட்டீஸில் அச்சடிப்பது இந்தப் பட்டியலைத்தான்: இத்தனை நிழற்குடை, இத்தனை உயர்கோபுர விளக்கு, இத்தனை சமுதாயக் கூடம். அவையில் கேட்ட கேள்விகள், அதற்கு வந்த பதில்கள், அந்தப் பதிலால் நடந்த காரியங்கள் என்று ஒரு வரிகூட அதில் இருக்காது. பஞ்சாயத்துத் தலைவர் செய்யக்கூடிய வேலைக்கு நன்றி வாங்கிக்கொண்டு, வேறு யாரும் செய்ய முடியாத உங்கள் வேலையைச் சொல்லாமலே விட்டுவிடுகிறீர்கள்.

"எண்ணிக்கை இல்லையே, பேசி என்ன ஆகும்?" என்று நீங்கள் கேட்கலாம். சரி, எண்ணிக்கை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம்.

1963 ஆகஸ்டில் நேரு அரசு மீது முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் ஆச்சார்ய கிருபளானி. வாக்கெடுப்பில் ஆதரவு 62, எதிர்ப்பு 347. தோற்றது என்பதைவிட, மோதுவதற்கு முன்பே முடிந்துபோன போட்டி என்று சொல்லலாம். ஆனால் அந்த விவாதத்தை இன்றும் பேசுகிறோம் என்றால் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா அதில் ஒரு எண்ணை வைத்தார் என்பதற்காக. இந்த நாட்டில் 27 கோடிப் பேர் ஒரு நாளைக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்றார். இல்லை, பதினைந்தணா என்றது பிரதமர் தரப்பு. திட்ட அமைச்சர் நந்தா ஏழரையணா என்று ஒரு கணக்குச் சொன்னார். லோகியா அப்போதுதான், அதே ஆண்டு இடைத்தேர்தலில் ஃபரூக்காபாத்திலிருந்து ஜெயித்து வந்திருந்தார். புதிதாக வந்த ஒருவர் எண்ணைச் சொல்ல, அரசாங்கம் பதிலுக்கு எண்ணைச் சொல்லியே தீரவேண்டியதாயிற்று. மூன்றும் சராசரி எதை வைத்து, யாரை வைத்து எடுத்தது என்ற சண்டையாக மாறி, வறுமையை எப்படி அளப்பது என்பதே அவையில் விவாதமானது. லோகியாவின் கணக்கு துல்லியமா என்று பொருளாதாரம் படித்தவர்கள் சண்டை போடட்டும். எனக்கு முக்கியம், அமைச்சர்களை எண்ணோடு பேசவைத்தார் என்பது. நீங்கள் "ஏழைகளைப் பற்றி இந்த அரசுக்குக் கவலையில்லை" என்று கத்தினால் அவர்கள் "எங்களைப் போல் யாரும் கவலைப்பட்டதில்லை" என்று கத்துவார்கள். அங்கேயே முடிந்துவிடும்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2014 மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வுக்கு எத்தனை இடம்? பூஜ்யம். மாநிலங்களவையில் மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சிலர். அந்த நிலையில் திருச்சி சிவா திருநர் உரிமைகளுக்காக ஒரு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொடுக்கும் மசோதா, கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் தனிநபர் அலுவல் நேரம் என்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்: பாதி இருக்கை காலி, மீதிப் பேர் விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில். வழக்கமான நாடகமும் தெரியும். உறுப்பினர் பேசுவார், அமைச்சர் எழுந்து "உணர்வைப் புரிந்துகொள்கிறோம், அரசே கவனிக்கும், திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்பார், உறுப்பினர் நன்றி சொல்லித் திரும்பப் பெறுவார். சிவாவிடமும் அமைச்சர் அப்படித்தான் கேட்டார். அவர் திரும்பப் பெறவில்லை. வாக்கெடுப்பு வேண்டும் என்றார். 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. ஒரு தனிநபர் மசோதா இப்படி ஒரு அவையைத் தாண்டியது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நடந்த காரியம். தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970இல். சுதந்திரத்துக்குப் பிறகு மொத்தமே 14தான் சட்டமாகியிருக்கின்றன.

மக்களவையில் அது நிறைவேறவில்லை என்பதும் உண்மை. அரசு 2016இல் தனக்கென ஒரு மசோதாவைக் கொண்டுவந்து, 2019இல் அதன் இன்னொரு வடிவத்தைச் சட்டமாக்கியது. சிவாவின் மசோதாவில் கல்வியிலும் வேலையிலும் இரண்டு சதவீத இட ஒதுக்கீடு இருந்தது, தேசிய ஆணையம் இருந்தது, தனி நீதிமன்றம் இருந்தது. 2019 சட்டத்தில் இட ஒதுக்கீடு இல்லை. அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அரசு எதைக் கொடுத்தது, எதை விழுங்கியது என்று வரி வரியாகத் தெரியும். அப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் இருப்பதே அந்த வெள்ளிக்கிழமை அவர் உட்கார மறுத்ததால்தான். திருநங்கையருக்கு 2008இலேயே நலவாரியம் அமைத்த மாநிலத்திலிருந்து போன ஒருவர் அதைச் செய்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கட்சி பார்த்துச் சொல்லவில்லை.

அதே சிவா 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரி, வாக்குகளை எண்ண வேண்டும் என்று டிவிஷன் கேட்டார். ஒரு உறுப்பினர் கேட்டாலே எண்ண வேண்டும் என்பது விதி. அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. கேட்டவர் இருக்கையில் இல்லை என்று துணைத் தலைவர் விளக்கம் சொன்னார். டி.வி. பதிவைப் பார்த்த நாளிதழ்கள் அவர் இருக்கையில்தான் நின்றார் என்று எழுதின. மையப்பகுதிக்கு ஓடாமல் தன் இடத்தில் நிற்பதற்குக்கூட இவ்வளவு மதிப்பு இருக்கிறது. விதியைக் காரணம் காட்டி உங்களை ஒதுக்கும்போது, நீங்கள் விதிப்படி நின்றீர்கள் என்பதற்கு ஆதாரம் இருக்க வேண்டும்.

எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போட முடியாது, அதுவும் தெரியும். 2023 டிசம்பரில் இரண்டு அவைகளிலும் சேர்த்து 146 பேரை இடைநீக்கம் செய்தார்கள். நம் உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். முதல் பட்டியலில் அன்று அவைக்கே வராத சேலம் உறுப்பினர் பெயரும் இருந்து, பிறகு எடுத்தார்கள். கோபத்திலும் சிரிப்பு வந்த நாள் அது. இடைநீக்கமானவர்கள் கொடுத்திருந்த கேள்விகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எதிர்வரிசை பாதிக்கு மேல் காலியாக இருந்த அவையில்தான் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றையுமே மாற்றும் மூன்று மசோதாக்களும் நிறைவேறின. அதே ஆண்டு மார்ச் 23 அன்று, துறைவாரி விவாதம் எதுவும் இல்லாமல் பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள், அதாவது துறைகள் கேட்கும் பணம், மொத்தமும் மக்களவையில் கில்லட்டின் ஆயின; ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விட்டு முடித்தார்கள். பேசவிடாதவர்கள் மீதுதான் முதல் குற்றம். ஆனால் பேச வாய்ப்பிருந்த நாட்களில் நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது.

வெளிநடப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில நாட்களில் அதுதான் சரியான பேச்சு. ஆனால் வெளிநடப்புக்கு முன் என்ன சொன்னீர்களோ, அதுதான் அவைக்குறிப்பில் நிற்கும். நெருக்கடி நிலையின்போது 1975 ஜூலையில் மார்க்சிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மக்களவையில் எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். கேள்வி நேரம் கிடையாது, பத்திரிகைத் தணிக்கை வேறு. எதிர்க்கட்சிகளின் பேச்சு நாளிதழ்களுக்குப் போகாமல் தடுத்தார்கள். அவையில் பேசியதை அச்சிடப் பத்திரிகைகளுக்கு இருந்த பாதுகாப்பைத் தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அந்த டிசம்பரில் ரத்து செய்தார்கள். அது ஃபெரோஸ் காந்தி தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சட்டம். ரத்து செய்தது அவர் மனைவி இந்திராவின் அரசாங்கம். ஜூலையில் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் தந்த வாக்கெடுப்பு 336க்கு 59. இருந்தும் கோபாலன் பேசியதை இன்று நீங்களும் நானும் படிக்க முடிகிறது, அவைக்குறிப்பில் ஏறிவிட்டதால்.

செழியன் இங்கும் வருகிறார். நெருக்கடி நிலையை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை 1978இல் வெளியானது. 1980இல் இந்திரா திரும்பி வந்த பிறகு அதன் பிரதிகள் கண்ணிலேயே படவில்லை. செழியனின் சொந்தப் புத்தக அலமாரியில் ஒரு பிரதி இருந்தது. 87 வயதில், 2010இல், அதைத் தொகுத்து மறுபடி அச்சில் கொண்டுவந்தார். காகிதத்தைப் பத்திரப்படுத்துவதும் எதிர்க்கட்சிக்காரரின் வேலைதான் என்று நினைத்திருக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இருக்கிற கருவிகளையே கையில் எடுங்கள்.

அமைச்சர் ஒருவர் அவையில் "பரிசீலனையில் உள்ளது" என்றோ "விசாரித்து உறுப்பினருக்குத் தெரிவிக்கிறேன்" என்றோ சொன்னால் அது வெறும் நழுவல் அல்ல. முறைப்படி அது அரசின் உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் அவகாசம் கேட்டு உறுதிமொழிக் குழுவிடம் எழுத வேண்டும். அந்தக் குழு 1953 முதல் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் உங்கள் கேள்விக்குக் கிடைத்த உறுதிமொழிகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறீர்கள்? அமைச்சர் நழுவுகிறார் என்று ட்வீட் போடுவது சுலபம். "நீங்கள் சொல்லி ஒன்பது மாதமாயிற்று, குழுவுக்கு என்ன எழுதினீர்கள்?" என்று கேட்பது அவருக்கு நிஜமாகவே தொந்தரவு.

வெட்டுத் தீர்மானம் இன்னொன்று. துறையின் மானியத்தில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொடுத்தால், அந்த நூறு ரூபாயைச் சாக்காக வைத்து ஒரு குறிப்பிட்ட குறையைப் பதிவு செய்யலாம். கொள்கையே தவறு என்றால் மொத்த மானியத்தையும் ஒரு ரூபாயாகக் குறைக்கக் கேட்கலாம். தோற்கும்தான். ஆனால் எந்தத் துறையில் எந்தக் குறைக்காக எதிர்த்தீர்கள் என்பது எழுத்தில் இருக்கும். அப்புறம் கேள்வி நேரம். அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்லவேண்டிய நட்சத்திரக் கேள்வி ஒரு நாளைக்கு 20தான். குலுக்கலில் உங்கள் பெயர் வருவதே அதிர்ஷ்டம். வந்துவிட்டால் இரண்டு துணைக் கேள்வி கேட்கலாம். அந்த இரண்டையும் முன்னுரையிலும் தலைவர் புகழிலும் கரைத்துவிடுகிறவர்களை சன்சத் டி.வி.யில் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. எத்தனையோ பேர் காத்திருக்கும் இடம் அது.

கடைசியாக, தமிழ். நீங்கள் அவையில் தமிழில் பேசுவது எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் அவைக்குறிப்பில் அது பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் அச்சேறுகிறது. உங்கள் வாயிலிருந்து வந்த தமிழ் வாக்கியம் எங்கேயும் இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் ஒரு சிறு வெளியீடு போடுங்கள். 39 பேரும் சேர்ந்து போட்டாலும் சரி, தனித்தனியாகப் போட்டாலும் சரி. பேசியதன் முழுத் தமிழ் வடிவம், கேட்ட கேள்வி, அமைச்சர் தந்த பதில் அப்படியே, நிலுவையில் இருக்கும் உறுதிமொழி, பங்கெடுத்த குழுக் கூட்டங்கள், நீங்கள் வராத நாட்கள் உட்பட. படம் வேண்டாம். வந்தாலும் அட்டையில் ஒன்று போதும். கிளை நூலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்புங்கள். ஒரு நிழற்குடைக்கு ஆகும் செலவுகூட ஆகாது. ஆனால் இதைத் தொகுதி நிதியில் செய்யாதீர்கள். செழியன் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

எங்கள் பகுதிக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரும் மெயின் லைன் இன்னும் ஒற்றைப் பாதைதான். விருத்தாசலம் வழியாகப் போகும் கார்டு லைனில் வண்டிகள் பறக்க, எங்கள் வண்டி குத்தாலத்திலோ ஆடுதுறையிலோ எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்கும். இரட்டைப் பாதை கேட்டு மனு கொடுத்துக் கொடுத்து ஊர்க்காரர்களுக்குக் கை வலித்துவிட்டது. அமைச்சரைச் சந்தித்து மனு கொடுக்கும் படம் இனி வேண்டாம். ரயில்வேக்கு ஒதுக்கிய நாளில் கேள்வியாகக் கொடுங்கள். கடைசி ஆய்வு எந்த ஆண்டு நடந்தது, அதில் போக்குவரத்து நெரிசல் எத்தனை சதவீதம் என்று வந்தது, அனுமதி எந்த அலுவலகத்தில் நிற்கிறது, எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது. நான்கும் தனித்தனி உட்பிரிவாக இருக்கட்டும். ஒன்றாகக் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். "பரிசீலனையில்" என்று பதில் வந்தால் தேதி போட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து உறுதிமொழிக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதன் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணம் வாக்காளர் ஒருவர்